மத்தியஸ்தர் நமக்குத் தெரிந்த அண்ணா என்றால், ஆட்டத்தின் நடுவே அவரோடு எப்படிக் கதைப்பது?

உவர்மலை அக்கா:

வணக்கம். திருகோணமலையில் ஒரு பாடசாலையின் 18 வயதுக்குட்பட்ட பெண்கள் கூடைப்பந்து அணிக்கு நான்கு வருடமாகப் பயிற்சி கொடுக்கிறேன். நான் ஆசிரியை இல்லை, பழைய மாணவி. பகலில் மருந்துக் கடையில் வேலை, பின்னேரம் நாலரைக்குப் பிறகு ஆடுகளம். பிள்ளைகள் என்னை மிஸ் என்று கூப்பிடுவதில்லை, அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் ஊரில் இப்படித்தான். யாரையும் வெறும் பெயர் சொல்லி அழைத்துப் பழக்கமில்லை. அண்ணா, அக்கா, மாமா, அன்ரி, ஏதாவது ஒரு முறை இருக்கும். என் கேள்வியே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

போன மாதம் ஓர் அரையிறுதி ஆடினோம். விசில் அடித்த இருவரில் ஒருவர் எங்கள் தெருக்காரர். என் அக்காவின் கல்யாணத்துக்குப் பந்தல் போட வந்து நின்றவர், என் அண்ணனோடு ஒரே அணியில் விளையாடியவர். சின்ன வயதிலிருந்தே எனக்கு அவர் அண்ணா. ஆட்டத்துக்கு முன் மேசையடியில் கண்டதும் வழமைபோல "அண்ணா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். அவரும் "ஓம் தங்கச்சி" என்றார். எதிரணி வேறு மாவட்டத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்தவர்கள். அவர்களுடைய பயிற்றுவிப்பாளர் பக்கத்தில்தான் நின்றார். அப்போது எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

மூன்றாம் கால்பகுதியில் எங்கள் பிள்ளை பந்தை எறியும்போது கையில் அடி விழுந்தது. விசில் வரவில்லை. "அண்ணா, கை! கை அண்ணா!" என்று பெஞ்சிலிருந்து கத்தினேன். ஒரு தடவை என்றால் பரவாயில்லை. அதற்குப் பிறகு பந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கத்தினேன். அவர் என்னைத் தாண்டி ஓடும்போது, "தங்கச்சி, போதும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். உடனே எதிரணிப் பயிற்றுவிப்பாளர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அவவுக்கு அண்ணா, அவருக்குத் தங்கச்சி. அப்ப எங்களுக்கு யார்?" பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த அண்ணாவின் முகம் கறுத்ததை நான் கண்டேன்.

கடைசிக் கால்பகுதியில் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே மிச்சம். 31 - 32, நாங்கள் ஒரு புள்ளி பின்னால். எங்கள் ஏழாம் இலக்கப் பிள்ளை ஓடிக்கொண்டே பந்தை வாங்கி, இரண்டு எட்டு வைத்து எழும்பி, கூடைக்குள் போட்டாள். பந்து உள்ளே விழுவதற்கு முன்பே விசில். இரண்டு முட்டியையும் ஒன்றைச் சுற்றி ஒன்று உருட்டிக் காட்டினார், ட்ரவல் என்று, அதாவது பந்தோடு கூடுதலாக எட்டு வைத்துவிட்டாள் என்று. நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓரக்கோட்டைத் தாண்டிவிட்டேன். "என்ன அண்ணா இது? கண்ணை மூடிக்கொண்டா விசில் அடிக்கிறீங்க?" என்று கேட்டேன். வாயிலிருந்து வந்த அதே கணத்தில் அது எவ்வளவு பெரிய பிழை என்று விளங்கிவிட்டது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு உள்ளங்கையின் மேல் மற்றக் கை விரல்களை நிமிர்த்தி வைத்து மேசைக்குக் காட்டினார். நடத்தைப் பிழைக்கான ஃபவுல், டெக்னிக்கல்.

ஒரு ஃப்ரீ த்ரோ, போட்டார்கள். 31 - 33. பிறகு பந்தும் அவர்களுடையதுதான். ஓரத்திலிருந்து பந்தை உள்ளே எறிந்தபோது எங்கள் பிள்ளைகள் ஐந்து பேரும் பந்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதிரணிப் பிள்ளை ஒருத்தி தனியாகப் போய்க் கூடையில் போட்டாள். 31 - 35. கடைசியில் 33 - 35 என்று தோற்றோம்.

திரும்பி வரும்போது பிள்ளைகள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டோவில் பக்கத்தில் இருந்த கப்டன் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "அக்கா, நான் கப்டன்தானே. நான் போய்க் கேட்டிருக்கலாமா?" என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது அந்த அண்ணா தெருவில் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். நானும் அப்படித்தான். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். ஆட்டத்தின் நடுவே மத்தியஸ்தரிடம் நான் என்ன கேட்கலாம், எப்போது கேட்கலாம்? அவர் பிழைவிட்டார் என்று மனதுக்குத் தெரியும்போது வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டுமா? அண்ணா என்று கூப்பிடுவது பிழையா? அப்புறம், அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டால், அடுத்த போட்டியில் தயவு தேடி வந்தது மாதிரி இருக்குமா?


பழைய விசில்:

தங்கச்சி, இங்கே அப்படிக் கூப்பிடலாம், இது ஆடுகளம் இல்லை.

கிழக்கிலும் வடக்கிலும் இருபது வருடத்துக்கு மேல் விசில் அடித்தேன். முழங்கால் விட்டுப்போனதால் நிறுத்திக்கொண்டேன். நீங்கள் உங்கள் பிழையை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள், அதனால் நானும் எங்கள் பக்கத்துப் பிழையை மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் அந்த ட்ரவல். ஓடிக்கொண்டே பந்தை வாங்கும் ஆட்டக்காரர் எத்தனை எட்டு வைக்கலாம் என்பதைச் சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம் 2017 ஒக்டோபரில் மாற்றியது. பந்து கைக்கு அகப்படும் நேரத்தில் தரையில் இருக்கிற கால் கணக்கில் வராது. அதற்குப் பிறகு தரையைத் தொடும் காலிலிருந்துதான் ஒன்று, இரண்டு. உங்கள் பிள்ளை இடது காலை ஊன்றியபடி பந்தை வாங்கி, வலது, இடது என்று வைத்து எழும்பியிருந்தால் அது சரியான கூடை. பழைய கணக்குப்படி அதுவே மூன்று எட்டு, ட்ரவல். எங்களில் பலருக்குக் கண் பழைய கணக்கிலேயே ஊறிப்போய்விட்டது. எனக்கே அதை மாற்ற ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. காலைப் பார்ப்பதா, பந்து கைக்குள் அடங்குவதைப் பார்ப்பதா? இரண்டையும் ஒரே கணத்தில் பார்க்க வேண்டும். அன்று அவர் பிழைவிட்டாரா என்று நான் சொல்ல முடியாது, நான் பார்க்கவில்லை. ஆனால் பிழை விடக்கூடிய இடம் அது.

இனி உங்கள் கேள்வி. விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. மத்தியஸ்தரோடு கதைக்க பெஞ்சில் ஒருவருக்குத்தான் இடம், அது தலைமைப் பயிற்றுவிப்பாளர். அதுவும் பந்து டெட் ஆகி, அதாவது ஆட்டத்தில் இல்லாமல், கடிகாரமும் நின்றிருக்கும்போது. உதவிப் பயிற்றுவிப்பாளர் எழுந்து நின்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம், ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் நிற்கக்கூடாது, மத்தியஸ்தரோடு அவர் கதைக்கவும் கூடாது. களத்துக்குள் கப்டனுக்கு அந்த உரிமை இருக்கிறது. மரியாதையாக, விளக்கம் கேட்பதற்காக, அதே டெட் போல் நேரத்தில். ஆகவே உங்கள் கப்டனின் கேள்விக்குப் பதில் ஓம், அவள் கேட்டிருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு அதைச் சொல்லுங்கள். நல்ல பிள்ளை.

விதியில் இருப்பது அவ்வளவுதான். இனிச் சொல்வது விசில் பிடித்தவனின் காதிலிருந்து.

பந்து ஓடும்போது பெஞ்சிலிருந்து வரும் சத்தம் எங்களுக்குச் சொல்லாகக் கேட்காது, இரைச்சலாகத்தான் கேட்கும். "கை, கை" என்று நீங்கள் கத்தியதில் அவருக்கு ஒரு தகவலும் கிடைத்திருக்காது. தன்னை யாரோ துரத்துகிறார்கள் என்ற உணர்வுதான் வந்திருக்கும். அதையே அடுத்த விசில் வரை பொறுத்திருந்து, அவர் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்போது, கையைக் கட்டிக்கொண்டு, "சேர், ஒன்பதாம் இலக்கம் எறியும்போது கையில் படுகிறது, அடுத்த முறை பார்ப்பீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். நான் பார்ப்பேன். நிச்சயமாகப் பார்ப்பேன். இலக்கமும் இடமும் சொன்னால் அது என் மனதில் ஒட்டிக்கொள்ளும்.

ட்ரவல் விஷயத்திலும் அப்படித்தான். "அது ட்ரவல் இல்லை" என்றால் நீங்கள் தீர்ப்புச் சொல்கிறீர்கள். தீர்ப்பு என் வேலை, அதை விட்டுக்கொடுக்க என்னால் முடியாது. "சேர், பந்து கைக்கு வரும்போது எந்தக் கால் தரையில் இருந்தது?" என்று கேட்டால் நான் யோசித்தே ஆக வேண்டும். "இடது" என்று என் வாய் சொன்ன அடுத்த நொடி, பிழை விட்டிருந்தால் அது எனக்கே விளங்கிவிடும். தீர்ப்பு மாறாமல் போகலாம். ஆனால் அடுத்த தடவை அதே எட்டுக்கு விசில் வராது.

வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். இல்லை. அந்த விசிலோடு கடிகாரம் நின்றது, பந்து டெட். கையில் டைம் அவுட் மிச்சமிருந்தால் அங்கேயே எடுத்திருக்கலாம். ஒரு நிமிடம் பிள்ளைகளோடு இருந்துவிட்டு, முடியும்போது அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

எங்கள் பக்கத்துக் கடனும் இருக்கிறது. பயிற்றுவிப்பாளர் மரியாதையாகக் கேட்டால் முதுகைக் காட்டக்கூடாது. "இருங்க, இருங்க" என்று கையால் அமர்த்தக்கூடாது. ஒரு வரியில் பதில் சொல்ல வேண்டும். பிழை என்று தெரிந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஒரு தடவை ஆண்கள் ஆட்டம் ஒன்றில் பந்து வெளியே போனதை நான் மாறிக் கொடுத்துவிட்டேன். அடுத்த டெட் போலில் அந்தப் பயிற்றுவிப்பாளருக்குப் பக்கத்தில் போய், "எனக்குப் பிழைத்துவிட்டது, சேர்" என்றேன். அதுவரை துள்ளிக்கொண்டிருந்த மனிசன் கதிரையில் போய் இருந்தார். ஆட்டம் முடியும்வரை எழும்பவில்லை. உங்கள் தெரு அண்ணா மூன்றாம் கால்பகுதியில் "தங்கச்சி, போதும்" என்று ஓடிக்கொண்டே சொன்னதை நான் சரியென்று சொல்லமாட்டேன். ஆட்டம் நின்றபோது வந்து, மற்ற அணிக்கும் கேட்கும்படி, "கோச், இது எச்சரிக்கை" என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் கடைசி டெக்னிக்கலை எதிரணிக்குப் பயந்து கொடுத்தார் என்று யாரும் நினைக்க இடமிருந்திருக்காது. அப்படி ஒரு நினைப்பு உங்கள் மனதில் இருக்கிறது, நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரிகிறது.

அண்ணா என்ற சொல். என் மச்சான், மனைவியின் தம்பி, ஓர் அணிக்குப் பயிற்றுவிப்பாளராக இருந்தான். அவனுடைய ஆட்டம் எனக்கு விழுந்தால் முதலில் ஒழுங்கமைப்பவர்களிடம் உறவைச் சொல்லிவிடுவேன். வேறு ஆள் இருந்தால் மாற்றுவார்கள். இல்லாவிட்டால் நான்தான். அந்த நாட்களில் அவன் வீட்டில் தேத்தண்ணிகூடக் குடிக்க மாட்டேன். களத்தில் எனக்கு அவன் கோச், அவனுக்கு நான் சேர். முதல் ஆட்டத்தில் இருவருக்கும் நாக்குத் தடக்கியது. பிறகு பழகிவிட்டது. வீட்டுக்குப் போனதும் மச்சான்தான்.

மன்னிப்பு. போங்கள். அடுத்த போட்டியின் அட்டவணை வெளியாவதற்கு முன் போங்கள். அவர் வீட்டுக்குள் போகாதீர்கள், நாலு பேர் போய்வரும் இடத்தில் பாருங்கள். நீங்கள் சொன்ன சொல்லுக்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள். ட்ரவலைப் பற்றி நீங்களாகத் தொடங்க வேண்டாம்.


மேசையடி:

நான் மேசையில் ஸ்கோர் ஷீட் எழுதுகிறவள். எல்லாரும் மத்தியஸ்தரைப் பற்றிக் கதைக்கிறீர்கள், மேசையில் இருக்கும் எங்களையும் கொஞ்சம் பாருங்கள்.

டைம் அவுட் கேட்பது எங்களிடம். கையால் அடையாளம் காட்டி, தெளிவாக மேசைக்குச் சொல்ல வேண்டும். களத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும் மத்தியஸ்தரைப் பார்த்து "டைம் அவுட், டைம் அவுட்" என்று கத்திவிட்டு, அவர் தரவில்லை என்று கோபிக்கிறவர்களை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கிறேன். அவரால் தர முடியாது. பந்து டெட் ஆனதும் நாங்கள் சைரனை அடித்துத்தான் அவருக்குச் சொல்வோம். முதல் பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று, அதிலும் கடைசி இரண்டு நிமிடத்தில் இரண்டுக்கு மேல் இல்லை. எத்தனை மிச்சம் என்று எங்களிடம் கேளுங்கள், சொல்வோம். அதற்குத்தானே இருக்கிறோம்.

அக்கா, உங்கள் டெக்னிக்கல் ஷீட்டில் ஆங்கில எழுத்து சீ என்று பதிவாகியிருக்கும். அது பயிற்றுவிப்பாளர் தானே செய்ததற்கு. பெஞ்சில் இருக்கும் வேறு யாராவது தண்ணீர்ப் போத்தலை எறிந்தாலும், மத்தியஸ்தரை ஏசினாலும் அதுவும் தலைமைப் பயிற்றுவிப்பாளரின் பெயருக்குக் கீழேதான் வரும், பீ என்று. இரண்டு சீ விழுந்தால் வெளியே. சீ ஒன்றும் பீ இரண்டும் சேர்ந்து மூன்றானாலும் வெளியே. வெளியே என்றால் களத்தின் ஓரத்தில் நிற்கவும் முடியாது, உடைமாற்றும் அறைக்குப் போக வேண்டும் அல்லது இடத்தை விட்டே போக வேண்டும். பெஞ்சில் இருக்கும் மேலதிகப் பிள்ளைகளுக்கும் பொறுப்பாசிரியருக்கும் இதைச் சொல்லி வையுங்கள். ஒருமுறை பொறுப்பாசிரியர் ஒருவர் எழுந்து மத்தியஸ்தரை வாய்க்கு வந்தபடி பேசினார். அதுவரை ஒரு சொல்லும் பேசாமல் இருந்த பயிற்றுவிப்பாளரின் பெயரில் நான் பீ எழுதினேன். எழுதும்போது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

இன்னொன்று. பாடசாலைப் போட்டிகளில் கடிகாரத்துக்கும் ஃபவுல் பலகைக்கும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள்தான் இருப்பார்கள். ஒருமுறை என் பக்கத்தில் இருந்த பிள்ளை கடிகாரத்தை இரண்டு செக்கன் பிந்தி நிறுத்திவிட்டாள். பயிற்றுவிப்பாளர் வந்து மேசையில் கையால் அடித்தார். பேனா துள்ளி, ஷீட்டின் வெள்ளைத் தாளில் கோடு இழுத்து, அடியில் இருந்த நீலம், ரோஸ், மஞ்சள் பிரதிகளிலும் அது பதிந்துவிட்டது. அந்தப் பிள்ளை அதன் பிறகு பொத்தானில் கை வைக்கவே நடுங்கினாள். செக்கனைத் திருத்தச் சொல்லி மத்தியஸ்தரிடம் கேட்டிருந்தால் அவர் திருத்தியிருப்பார்.

முடிவைப் பற்றிச் சட்டப்படி முறையிட வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஆட்டம் முடிந்து 15 நிமிடத்துக்குள் கப்டன் பிரதம மத்தியஸ்தருக்கு அறிவித்து, ஷீட்டில் அதற்கான இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ட்ரவலா இல்லையா என்பதற்கெல்லாம் அது இல்லை. புள்ளி, நேரம் தவறாக எழுதப்பட்டுத் திருத்தப்படாமல் போவது போன்றவற்றுக்குத்தான்.


மட்டுநகர்க் கோச்:

நான் விருந்தாளி அணியின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மட்டக்களப்பில் இந்த ஆட்டத்தை வளர்த்தவர்களை நினைத்தால் புனித மிக்கேல் கல்லூரியின் ஹெபர்ட் பாதரைத்தான் முதலில் சொல்வோம். அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி, 1990 ஓகஸ்டில் காணாமற்போனவர். எங்கள் அப்பாமார் காலத்திலிருந்தே இரண்டு ஊருக்கும் இடையில் ஆட்டம் நடக்கிறது, போட்டியும் இருக்கிறது. அதனால் இந்த "அண்ணா" எங்கள் காதில் எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். நாலு மணித்தியாலம் பஸ்ஸில் குலுங்கி வந்து இறங்குகிறோம். ஆட்டம் தொடங்கு முன்பே மத்தியஸ்தரும் உள்ளூர்ப் பயிற்றுவிப்பாளரும் சாப்பிட்டீங்களா என்று கதைக்கிறார்கள். ஒருமுறை இப்படிப் போன இடத்தில் என் பிள்ளை ஒருத்தி என்னிடம் கேட்டாள், "சேர், இது முடிஞ்ச ஆட்டமா?" அவளுக்கு 14 வயது. அன்று விசில் நேர்மையாகத்தான் இருந்தது. ஆனால் விழுந்த ஒவ்வொரு ஃபவுலையும் என் பிள்ளைகள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள்.

உங்கள் ஆட்டத்தில் எதிரணிப் பயிற்றுவிப்பாளர் எல்லாரும் கேட்கச் சொன்னதும் சரியில்லை. அவருக்கு முறைப்பாடு இருந்தால் மேசையடிக்குப் போய் மத்தியஸ்தர் இருவரையும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆளைச் சிரிப்புக்கு இடமாக்கி விசிலை மாற்றப் பார்ப்பதும் ஒருவகை மரியாதைக்கேடு.

பழைய விசில் அண்ணரோடு ஓர் இடத்தில் எனக்கு ஒத்துப்போகவில்லை. எல்லா மத்தியஸ்தரும் கேள்வி கேட்டால் யோசிப்பவர்கள் இல்லை. சிலர் கேட்பதையே குற்றமாக எடுப்பார்கள். அப்படிப்பட்டவர் வந்தால் நான் கதைப்பதையே விட்டுவிடுவேன். கப்டனை அனுப்புவேன். பிள்ளை கேட்டால் அவர்களுக்கும் குரல் தணிந்துவிடும். வேண்டுமென்றே டெக்னிக்கல் வாங்கினால் அணிக்குச் சூடு ஏறும் என்று சொல்லும் பயிற்றுவிப்பாளர்களும் இருக்கிறார்கள். சம்பளத்துக்கு விளையாடும் பெரியவர்களுக்கு அது எப்படியோ, பள்ளிப் பிள்ளைகளிடம் நான் அதைக் கண்டதே இல்லை. உங்கள் பிள்ளைகள் ஐந்து பேரும் பந்தை விட்டுவிட்டு உங்களைப் பார்த்தார்கள் என்றீர்களே, அதைத்தான் நான் கண்டிருக்கிறேன்.


பழைய விசில்:

கோச் சொல்வது உண்மைதான், கேள்வியையே குற்றமாக எடுப்பவர்கள் எங்களில் இருக்கிறார்கள். கப்டனை அனுப்புவது நல்ல வழி. ஆனால் கப்டனுக்கு என்ன கேட்பதென்று முதலே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். "அக்கா கேட்கச் சொன்னவ" என்று வந்து நின்றால் நான் பெஞ்சைத்தான் பார்ப்பேன்.


மூதூர்க்காரன்:

மொழியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. மாகாணம் தாண்டிப் போனால் விசில் பிடிப்பவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் அரைகுறை. நான் சாதாரணமாகக் கதைத்தாலே எங்கள் ஊர்த் தொண்டை பெரிது, ஏசுகிறேன் என்று ஒருவர் நினைத்துவிட்டார். இன்னொரு நாள் சொல் வராமல், அவர் காட்டிய ட்ரவல் அடையாளத்தை நானும் கையால் உருட்டிக் காட்டிக் கேட்டேன். அவருடைய அடையாளத்தை அவருக்கே திருப்பிக் காட்டுவது நக்கலாகப் படும் என்று பிறகுதான் விளங்கியது. எச்சரிக்கையோடு விட்டார், அல்லாஹ்வின் கிருபை. இப்போது ஒரு வரி பாடமாக்கி வைத்திருக்கிறேன்: "சேர், பொட்டக் கியன்ன." கொஞ்சம் சொல்லுங்கள் என்று அர்த்தம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சொன்னால் இதுவரை யாரும் முகம் திருப்பவில்லை.


உவர்மலை அக்கா:

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை வாசித்தேன். பழைய விசில் அண்ணா, நான் எழுதாமல் விட்ட அந்த நினைப்பு உண்மையிலேயே என் மனதில் இருந்தது. எதிரணிக்கு நல்ல பெயர் எடுக்க எனக்கு டெக்னிக்கல் கொடுத்தார் என்றுதான் இரண்டு கிழமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் தாண்டிய கோட்டையும் சொன்ன சொல்லையும் அந்த நினைப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன்.

நேற்று அவரைக் கண்டேன். டச்சுக்குடாக் கடற்கரையோரம், மரக்கறி வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுக்க வந்தார். சனம் போய்வந்துகொண்டிருந்தது. மான்கள் இரண்டு அவருடைய சைக்கிளடியில் கீரைப் பையை மணந்துகொண்டு நின்றன. "அண்ணா, அன்றைக்கு நான் உங்களைப் பேசினது பிழை. பிள்ளைகளுக்கு முன்னால் அப்படிப் பேசியிருக்கக்கூடாது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. மானைத் தட்டி விலக்கினார். பிறகு, "மூன்றாம் கால்பகுதியிலேயே உங்களை ஒழுங்காக எச்சரித்திருக்க வேணும். தெரிந்த பிள்ளை என்று விட்டுவிட்டேன்" என்றார்.

நான் ட்ரவலைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவராகத்தான் கேட்டார், "வீடியோ ஏதும் இருக்கா?" என்று. ஏழாம் இலக்கப் பிள்ளையின் அம்மா கைபேசியில் எடுத்தது என்னிடம் இருந்தது. வெயிலில் திரை தெரியவில்லை, கையால் மறைத்துப் பிடித்துப் பார்த்தார். நாலு தடவை பார்த்தார். பந்து கைக்கு வரும் இடத்தில் நிறுத்தினார். இடது கால் தரையில். அடுத்தது வலது. பிறகு இடது. கைபேசியைத் திருப்பித் தந்துவிட்டு, "அது கூடைதான்" என்றார். தோற்றது தோற்றதுதான், ஆனால் அந்தப் பிள்ளைக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். "நானே வந்து சொல்றன்" என்றார்.

சனிக்கிழமை பின்னேரம் எங்கள் பயிற்சி ஆட்டத்துக்கு விசிலோடு வருகிறார். அதற்குப் பிறகு எங்களுடைய ஆட்டங்களில் தன்னைப் போட வேண்டாம் என்று ஒழுங்கமைப்பவர்களிடம் சொல்லப் போவதாகவும் சொன்னார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

இன்று பயிற்சியில் பிள்ளைகளிடம் சொன்னேன். சனிக்கிழமை வருபவரைக் களத்துக்குள் எல்லாரும் சேர் என்றுதான் கூப்பிட வேண்டும், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன் என்றேன். பிறகு கப்டனைத் தனியாகக் கூப்பிட்டு, ஓட்டோவில் கேட்ட கேள்விக்குப் பதிலைச் சொன்னேன். அவள் உடனே நிமிர்ந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் ஒத்திகையைத் தொடங்கிவிட்டாள். "சேர், பந்து கைக்கு வரும்போது எந்தக் கால் தரையில் இருந்தது?" முதல் தடவை குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.